பள்ளிக்கூடம் இழுத்த சாரோம்

அன்லோங் ஸ்வாய் என்ற மிதக்கும் ஊரில் வீடு இழுக்கிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் சம்பாத். மற்றவள் சாரோம். மழை பிடித்து, கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி காட்டுக்குள் ஏறத் தொடங்கினால், வீடும் கடையும் பன்றிக்கூண்டுமாக ஊரே கரைப் பக்கம் நகர வேண்டும். மழை ஓய்ந்து தண்ணீர் வடியத் தொடங்கினால் மறுபடி ஏரியின் நடுவைப் பார்த்து இறங்க வேண்டும். மூங்கில் கட்டின் மேலும் பீப்பாய்களின் மேலும் மிதக்கிற வீட்டுக்குத் தானாக நகரத் தெரியாது. யாராவது கயிறு போட்டு இழுத்தால்தான் உண்டு.

சாரோம் தண்ணீரில் பிறந்தவள் இல்லை. அவள் ஊரும் இந்த ஏரி ஊர் இருக்கிற புர்சாட் மாகாணத்தில்தான், ஏரியிலிருந்து ஒரு நாள் மாட்டுவண்டித் தூரத்தில், நெல்லும் பனையுமான பக்கம். அறுப்பு முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் வண்டியில் நெல் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு வருவார்கள். பொடிமீன் பெருவாரியாகப் பிடிபடும் பருவம் அது. நெல்லைக் கொடுத்து மீனை வாங்கி, கரையிலேயே தலை கிள்ளி, உப்புப் போட்டு மிதித்து, வருஷம் முழுவதற்குமான ப்ரஹோக் விழுதாக்கிச் சால்களில் அடைத்துக்கொண்டு திரும்புவார்கள். பத்தொன்பது வயதில் அப்பாவோடு அப்படி வந்தவளை, மீன் நிறுத்துக்கொண்டிருந்த நொப் பார்த்தான். பார்த்த வேகத்தில் ஒரு கூடை மீனைக் கூடுதலாக வண்டியில் கொட்டிவிட்டான்.

"ஏன் தம்பி, உன் தராசுக்குக் கண்ணு கிடையாதா?" என்று கேட்டார் அவள் அப்பா.

"கண்ணு இருக்கு மாமா. அது வேற எங்கேயோ பாத்துக்கிட்டிருக்கு."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் கூடுதல் கூடையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது.

ஏரிக்கு வாழ வந்த முதல் ஆறு மாதம் சாரோம் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நீச்சல் தெரியாது. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இடுப்பில் இரண்டு காலி எண்ணெய் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு படகில் ஏறுவாள். பிள்ளைகள் அவளுக்கு 'டப்பா சாரோம்' என்று பேர் வைத்தார்கள். வியட்நாம்காரர்கள் வரிசையில் மிதக்கும் மளிகைக் கடை வைத்திருந்த ஹோவா, நல்ல பருமனான பெண்பிள்ளை, ஒரு நாள் பொறுமை இழந்துபோனாள்.

"ஏண்டி, நீ என்ன எண்ணெய் யாவாரமா பண்றே? கழட்டிப் போட்டுட்டு இறங்கு. நான் புடிச்சுக்கிறேன்."

"நீ புடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்துதான் முழுகணும்."

"கொழுப்பு மிதக்கும்டி. நான் முழுக மாட்டேன். வா."

ஒரே வாரத்தில் நீச்சல் வந்துவிட்டது. பேர் மட்டும் போகவில்லை.

மகள் கனிதாவுக்கு ஆறு வயதானபோது மீன்வரத்து படுத்துவிட்டது. நொப் கட்டட வேலைக்குத் தாய்லாந்து போனான். அந்த வருஷம் தண்ணீர் வெகு சீக்கிரம் வடிந்தது. அப்போது வீடு இழுக்க சம்பாத் ஒருவர்தான். ஆம்பிளை இருக்கிற வீடு, உறவுக்காரர் வீடு, கடை வீடு என்று அவருக்கு ஒரு முறை இருந்தது. சாரோமின் வீடு வரிசையில் கடைசி. அவள் முறை வருவதற்குள் அடியில் தண்ணீர் இல்லை. வீடு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவும் மகளும் சாய்ந்த வீட்டில், பானைகளைச் சுவரோடு கட்டிவைத்து, சித்திரை வருஷப்பிறப்பையும் அங்கேயே கழித்து, மூன்று மாதம் இருந்தார்கள். குடிக்கிற தண்ணீருக்கே சேற்றில் முழங்கால் புதைய அரைமணி நேரம் நடக்க வேண்டும்.

சம்பாத் ஒரு நாள் படகில் போகிறபோது தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "வயக்காட்டுக்காரிக்குத் தரையில இருந்தாத்தானே தூக்கம் வரும்? அதான் விட்டு வச்சேன்."

மறுநாள் சாரோம் மகளை ஹோவாவிடம் விட்டுவிட்டு அப்பா வீட்டுக்குப் போனாள். அண்ணன் புதிதாக ஒரு கை உழவு இயந்திரம் வாங்கியிருந்தான். பழையதன் எஞ்சின் மாட்டுக்கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.

"இதை எடுத்துட்டுப் போகவா, அப்பா?"

"தண்ணியில கலப்பை எதுக்கும்மா?"

"கலப்பை வேண்டாம். எஞ்சின் மட்டும்."

அப்பா வெகுநேரம் வெற்றிலை மென்றார். பிறகு எழுந்து போய் மாட்டை வண்டியில் பூட்டினார்.

அந்த எஞ்சினை ஒரு நீளப் படகில் பொருத்தி, தண்ணீரைத் தள்ளுகிற சுழலிக்கு நீளத் தண்டு வைத்து, சாரோம் முதன்முதலாக ஏரியில் விட்டபோது டுக்டுக்கென்ற சத்தம் கேட்டு ஊரே வாசலுக்கு வந்தது.

"என்ன சாரோம், தண்ணியை உழப் போறியா?" என்றார் சம்பாத்.

"ஆமாண்ணே. வெளைஞ்சா உங்களுக்கும் ஒரு கூடை அனுப்புறேன்."

முதலில் தன் வீட்டை இழுத்தாள். அப்புறம் ஆம்பிளைகள் வெளியூர் போயிருந்த வீடுகளை. அப்படிப்பட்ட வீடுகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனதால் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. கயிறு போடுவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குள் ஒரு சுற்று வருவாள். தொட்டில் கட்டியிருக்கிறதா, அடுப்பு எங்கே இருக்கிறது, வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவாள். சம்பாத் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம், குழம்பு கொட்டும். சாரோம் இழுத்தால் மூன்று மணி நேரம், ஆனால் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டே வரும். பெண்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். சம்பாத்தின் காதுக்கும் அது போயிருக்கும்.

நொப் தாய்லாந்தில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்தான். கனமான வலை இழுக்க முடியாது. மனைவியின் படகில் மூக்குப் பக்கம், முன்னணியத்தில் நின்று ஆழம் பார்த்துச் சொல்கிற வேலையை எடுத்துக்கொண்டான். அவளை 'முதலாளியம்மா' என்றுதான் கூப்பிடுவான்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் போனது. பள்ளிக்கூடம் இழுக்கிற வேலை மட்டும் எப்போதும் சம்பாத்துக்குத்தான். மூன்று வகுப்பறை, தகரக் கூரை, அடியில் அறுபது இரும்புப் பீப்பாய். ஊரிலேயே பெரிய மிதவை அதுதான். அந்த வருஷம் வுத்தா வாத்தியார் சாரோமைத் தேடி வந்தார். பட்டம்பாங் நகரத்துப் பிள்ளை, வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"அக்கா, இந்தத் தடவை நீங்கதான் இழுக்கணும்."

"அது அண்ணன் வேலை வாத்தியாரே."

"போன வருஷம் பீரோ கவுந்து புஸ்தகம் பூராத் தண்ணியில போச்சு. வெயில்ல காயவச்சு எடுத்தேன். மூணாங் கிளாஸ் கணக்குல இப்பவும் மீன் வாடை அடிக்குது. பிள்ளைங்க திறக்கவே மாட்டேங்குதுங்க."

"மீன் வாடை இல்லாட்டித் திறப்பாங்களாக்கும்?" என்றான் நொப்.

ஊர்க் கூட்டத்தில் வாத்தியார் விடாப்பிடியாக நின்றார். சம்பாத் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். சாரோமுக்கு அது சந்தோஷமாக இல்லை. அன்றிரவு சோறு பிசைந்தபடியே, "அந்த மனுசன் ஏதாவது திட்டிட்டுப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள்.

இழுக்கிற நாளில் காலையில் ஏரி எண்ணெய் மாதிரி கிடந்தது. நொப் முன்னணியத்தில், வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குள் பீரோவைக் கட்டிப் பிடித்தபடி. காட்டுக்கு நடுவே போகிற வாய்க்காலுக்குள் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் முழுகின காட்டின் மரத்தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. பாதி தூரம் போயிருப்பார்கள். புர்சாட்டுக்கு அப்பால் இருக்கிற ஏலமலைப் பக்கம் இருட்டியது. மலைக்காற்று நேரே முகத்தில் வரும் என்று எதிர்பார்த்து அவள் வேகத்தைக் குறைத்தாள். காற்று வழியில் சுழன்று பக்கவாட்டில் வந்து அறைந்தது.

தகரக் கூரையும் மூன்று அறைச் சுவரும் பாய் மாதிரிக் காற்றைப் பிடித்துக்கொண்டன. பள்ளிக்கூடம் ஒதுங்கிப் போகப் போக, கயிறு அவள் படகைப் பின்னால் இருந்து பக்கவாட்டில் இழுத்தது. படகின் ஒரு விளிம்பில் தண்ணீர் ஏறியது.

"கயித்தை வெட்டு!" நொப் கத்தினான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெட்டினால் படகு பிழைக்கும். பள்ளிக்கூடம் வாத்தியாரோடு எங்கே போய் எதில் மோதுமோ தெரியாது. எதிர்த்து இழுத்தாலும் படகு கவிழும். எஞ்சினைத் தணித்து, படகைத் திருப்பி, காற்று போகிற பக்கமே அவளும் போனாள். பள்ளிக்கூடம் முன்னால், படகு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால். மரத்தலைகளுக்குள் பள்ளிக்கூடம் மடமடவென்று புகுந்தது. ஒரு பேரலை தூக்கிப் போட்டது. அதற்குமேல் அது அசையவில்லை.

அரைமணி நேரத்தில் காற்று ஓய்ந்தது. வாத்தியார் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"பீரோ நிக்குது அக்கா," என்றார்.

பீரோ மட்டுமல்ல, பள்ளிக்கூடமும் அங்கேயே நின்றுவிட்டது. காற்று ஒதுக்கிக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை பின்னால் பாயாக அடைத்துக் கிடந்தது. அதை வெட்டி ஒதுக்க இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான் என்று சாரோம் நினைத்தாள். நொப் முதுகு வலியைப் பொருட்படுத்தாமல் முழுகிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன விஷயம் வேறு. மூலை உத்தரத்தின் நுனி, நீர்க்கடம்பு மரத்தின் ஒரு கிளைக்குக் கீழே போய்ச் சொருகிக்கொண்டிருந்தது. கிளை தொடைக் கனம். தண்ணீரோ தினமும் ஒரு சாண் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மூலையும் தண்ணீரோடு ஏறும், மாட்டிக்கொண்ட மூலை மட்டும் ஏறாது.

அப்படித்தான் ஆனது. இரண்டாம் நாள் மேஜையில் வைத்த சுண்ணாம்புக் கட்டி உருண்டு கீழே விழுந்தது. மூன்றாம் நாள் மேஜையே நகர்ந்தது. வாத்தியார் பாடத்தை நிறுத்தவில்லை. பிள்ளைகள் படகில் காட்டுக்குள் வந்து, ஜன்னலில் புகுந்த கிளையில் பையை மாட்டிவிட்டுப் படித்தார்கள். பள்ளிக்கூடம் அவ்வளவு பிடித்தது அவர்களுக்கு அந்த வாரம்தான். மேல் மூலையில் உட்கார்ந்து கீழ் மூலைக்குச் சறுக்குவதே ஒரு விளையாட்டாகப் போயிற்று.

சாரோம்தான் தவித்துப்போனாள். ஊருக்குள் படகில் போனால், பேசிக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றுவதாகத் தோன்றியது. ஹோவா கடையில் ஐஸ் வாங்கப் போனபோது, "நான் சரின்னு சொல்லியிருக்கவே கூடாது. அண்ணனே இழுத்திருந்தா இப்படி ஆகியிருக்காது," என்றாள்.

"அவன் இழுத்திருந்தா காத்து வராம இருந்திருக்குமா? அவன் என்ன காத்துக்கு மாமனா?" என்றாள் ஹோவா. "ஐஸ் கரையுது. எடுத்துட்டுக் கிளம்பு."

நாலாம் நாள் சம்பாத் யாரும் கூப்பிடாமலே வந்தார். பள்ளிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சாரோம் பக்கம் திரும்பவில்லை. நொப்பிடம், "மூணு படகு. நேரா இழுத்தா வந்துரும்," என்றார்.

அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை அதற்குள் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். மூன்று படகும் கட்டி இழுத்தார்கள். எஞ்சின்கள் அலறின. உள்ளேயிருந்து உத்தரம் படீரென்று விரிசல் விடுகிற சத்தம் வந்தது. சாரோம் கையைத் தூக்கிவிட்டாள். எல்லாரும் நிறுத்தினார்கள்.

"கிளையை அறுத்துட்டா?" என்றார் ஒருவர்.

"இப்ப அந்த மூலை கிளையை மேல பாத்து முட்டிக்கிட்டு நிக்குது," என்றான் நொப். "அறுபட்டதும் மூலை சீறிக்கிட்டு எந்திரிக்கும். அறுக்கிறவன் தலை போயிரும்."

"நீ இறங்கக் கூடாது," என்றாள் சாரோம்.

"இறங்குறேன்னு யாரு சொன்னா, முதலாளியம்மா?"

சாரோம் சாய்ந்த தரையில் உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஒரு தடவை, நெல் வண்டியின் நுகத்தடி பனந்தோப்புக்குள் ஒரு சாய்ந்த மரத்தின் அடியில் மாட்டிக்கொண்டது. அண்ணன் மாட்டை அடித்து முன்னால் விரட்டினான். அப்பா அவனை ஒரு அறை விட்டுவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, தான் போய் நுகத்தடியின் மேல் ஏறி உட்கார்ந்தார். நுகத்தடி தாழ்ந்தது. "இப்பப் பின்னால தள்ளு," என்றார்.

"அண்ணே," என்று சம்பாத்தைக் கூப்பிட்டாள். "இழுக்கிறதுக்கு முன்னாடி அமுக்கணும்."

"எதை?"

"அந்த மூலையை. அது ஏறப் பாக்குது. நாம தாழ்த்துவோம். கிளையை விட்டு நாலு விரல் தாழ்ந்தாப் போதும். வந்த வழியாவே பின்னால வழுக்கிக்கிட்டு வந்துரும்."

சம்பாத் தலையைச் சொறிந்தார். "எத்தனை பேரு வேணும்?"

"ஊரே வேணும்."

ஐந்தாம் நாள் காலையில் ஊர் வந்தது. உள்ளூர்க் கெமெர் வரிசை, வியட்நாம் வரிசை, மீன் அரிந்துகொண்டிருந்த பெண்கள் கையைக்கூடக் கழுவாமல், வலை காய வைத்துவிட்டு ஆண்கள். பிள்ளைகளும் முதலில் ஓடி வந்து ஏறினார்கள். வாத்தியார் அவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் படகுகளில் இறக்கிவிட்டார். பெரியவர்கள் மட்டும் அந்த ஒரு மூலை அறைக்குள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. நொப் படகில் இருந்தபடி ஒரு மூங்கில் கழியை விட்டு இடைவெளி பார்த்தான்.

"ரெண்டு விரல்," என்றான். "இன்னும் கொஞ்சம் வேணும்."

இதற்குமேல் நிற்க இடமில்லை. அப்போதுதான் ஹோவாவின் படகு வந்தது. கடையைப் பூட்டிவிட்டு வரத் தாமதமாகிவிட்டது.

"ஹோவா, இன்னிக்கு உன் நாள்டி," என்றாள் சாரோம்.

"பேசாதே. சிரிச்சேன்னா ஓட்டையே விழும்," என்று சொல்லிக்கொண்டே ஹோவா உள்ளே நுழைந்தாள். கூட்டம் சுவரோடு சுவராக ஒட்டி அவளுக்கு இடம் விட்டது. தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"நாலு!" என்றான் நொப்.

இந்தத் தடவை ஒரே படகு. மற்ற எஞ்சின்களை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு சாரோம் தன்னுடையதை மட்டும் கிளப்பினாள். வேகம் கூட்டவே இல்லை. நெல் வயலில் மாடு நடக்கிற நிதானத்தில் டுக்டுக்கென்று பின்பக்கமாக இழுத்தாள். கயிறு விறைத்தது. அடியில் எதுவோ கறகறவென்று உரசியது. பள்ளிக்கூடம் ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு முழம். கிளையை விட்டு வெளியே வந்த நொடியில் அந்த மூலை குபீரென்று மேலே எழுந்தது. உள்ளே நின்ற அத்தனை பேரும் அடுத்த சுவரில் போய் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை. வாத்தியாருக்கு மட்டும் ஹோவாவுக்குக் கீழே இருந்ததில் விலா வலித்தது. அதை அவர் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாரோம் எஞ்சினை நிறுத்தவில்லை. மரத்தலைகளைத் தாண்டி வாய்க்காலுக்கு வந்த பிறகுதான் நிறுத்தினாள். நொப் தன் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கொடுத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சம்பாத் படகை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"காத்துல நீ கயித்தை வெட்டாதது சரிதான்," என்றார். "நானா இருந்தா வெட்டியிருப்பேன்." பள்ளிக்கூடத்தின் மூலையைக் காட்டி, "உத்தரம் விரிஞ்சது என்னால. இரும்புப் பட்டை அடிக்கணும். சாயங்காலம் ஆளோட வர்றேன்," என்றார்.

"சரிண்ணே."

"அடுத்த வருஷமும் நீதான் இழுக்கணும். ஆனா நான் பின்னால ஒரு படகுல வருவேன். பக்கக் காத்துக்கு ஒரு படகு பத்தாது."

"நீங்க வேகமாப் போவீங்களே."

"பின்னால வர்றவன் எங்கடி வேகமாப் போறது?"

பள்ளிக்கூடம் கரைப் பக்கத்துத் துறைக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டது. கயிறு கட்டி முடிந்ததும் வாத்தியார் தரையில் ஒரு சுண்ணாம்புக் கட்டியை வைத்துப் பார்த்தார். அது உருளவில்லை. பிள்ளைகளுக்கு அதில் ஏமாற்றம்தான்.

அன்று ராத்திரி வீட்டில் வள்ளைக்கீரை போட்ட புளிக்குழம்பு. சாரோம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த ஐந்து நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நொப் கவனித்திருந்தான். தலைநகர் நொம்பெனில் தையல் ஆலையில் இருக்கிற கனிதா போனில் கூப்பிட்டாள். யாரோ எடுத்த வீடியோவை அவளும் பார்த்துவிட்டாளாம்.

"அம்மா, எங்க லைன்ல எல்லாரும் உன்னைத்தான் பாக்கிறாங்க. படகு ஓட்டுறது உங்க அம்மாவான்னு கேக்கிறாங்க."

"என்ன சொன்னே?"

"ஆமான்னேன். நம்ப மாட்டேங்குறாங்க. நீ அதுல திரும்பியே பாக்கலை."

"திரும்பினா எஞ்சினை யாரு பாக்கிறது?" என்றாள் சாரோம்.

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பதினேழு வீடு பாக்கி. அதில் மறுநாளைக்கானது முதலை வளர்க்கிற கூண்டோடு கூடிய ஒரு வீடு. மூன்று முதலையும் உள்ளே இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். கூண்டின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கயிறு போடுவேன் என்று சாரோம் பதில் சொல்லி அனுப்பினாள்.